முன்னால் வந்தவர் கேட்டது

'எல்லாத் தப்பும் என்னுடையதே' என்று எழுதி நஜீமா கையெழுத்துப் போட்டாள். உப்பளம் பகுதியில் திருமணத் தகவல் மையம் நடத்தும் இராமதாஸ், பக்கத்திலேயே நின்று தேதியையும் போடச் சொன்னார்.

மையத்தின் வெப்சைட் இருபது வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதியது. யாராவது வரன் தேடினால் அந்த புரோகிராம் அப்போதுதான் எழுந்திருக்கும். பட்டியலைக் கொடுத்துவிட்டு மறுபடி அணைந்துவிடும். அது எழுந்து வருவதற்குள் பெண்ணுக்கு ஒரு வயது கூடிவிடும் என்று ஊரில் பேச்சு.

அதைப் புது சர்வருக்கு மாற்றத்தான் நஜீமாவை வேலைக்கு எடுத்தார். புது சர்வரில் புரோகிராம் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும், பதில் நொடியில் வரும். ஆனால் ஒருவர் கேட்டதைத் துடைக்காவிட்டால் அது அடுத்தவர் தேடலில் ஒட்டிக்கொள்ளும். பழைய புரோகிராமில் துடைக்கிற வரி ஒன்றுகூட இல்லை, எழுத ஒரு வாரம் வேண்டும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். புரோகிராம் எழுதிய மேதைக்கு அதெல்லாம் காதில் ஏறுமா?

"இருபது வருஷமா ஓடுதும்மா. இன்னிக்கே ஏத்து," என்றார்.

ஏற்றினாள். ஒரு மாதம் கழித்து, நேற்று தில்லையம்மாள் போன் செய்தார். மகள் அன்புசெல்விக்கு நாலு வருஷமாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளையாகத் தேடுபவர். போன மாதம் வந்த பட்டியலில் தான் கேட்டது எதுவுமே இல்லை, நாளைக்கு எல்லோரும் நேரில் வருகிறோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நஜீமா தேடிப் பார்த்தாள். தில்லையம்மாளுக்கு முன்னால் தேடிய யாரோ, 'உள்ளூரிலேயே கதிர்காமம் பக்கம், குடிக்காதவன், போதும்' என்று கேட்டிருந்தார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. குற்றவாளி யார் என்று இராமதாஸ் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். அதன் விளைவுதான் இந்தக் கடிதம்.

வாசலில் ஆட்டோ நின்றது. முதலாளி ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு, இராமதாஸ் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தில்லையம்மாள் பட்டுப்புடவை கட்டியிருந்தார். கூடவே கணவர் குமாரவேலும் உறவுக்காரர்கள் மூன்று பேரும். நஜீமா ஒளிக்காமல், வேறு யாரோ கேட்ட பட்டியல்தான் உங்களுக்கு வந்துவிட்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

தில்லையம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"நாலு வருஷமா நாங்க கேட்டது ஒண்ணும் அமையல. யாரோ கேட்டது அமைஞ்சிடுச்சு. பையன் கதிர்காமத்துல லேப் வெச்சிருக்கான், தங்கமான புள்ள. நேத்து காலைல நிச்சயம் முடிஞ்சிது," என்றார். கல்யாண மேடையில் நிறுத்தி மாலை போட வேண்டும், இந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்டார்.

நஜீமா வாயைத் திறப்பதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது.

"நாந்தாம்மா."