சுடும் மண்ணில் வெந்த ரொட்டி

ஐஸ்லாந்தில், இரண்டு பனிமலைகளுக்கு நடுவே உள்ள கணவாயில், எரிமலை கக்கிய மண் இன்னும் கொதிக்கிறது. கோடைதோறும் ஏறும்போது ரை தானிய மாவைப் பிசைந்து டப்பாவில் அடைத்து, கம்பியால் முறுக்கிக் கட்டி அங்கே புதைப்போம். மலைக்குடிசையில் தூங்கிவிட்டு மறுநாள் இறங்கும்போது தோண்டினால் ரொட்டி வெந்திருக்கும்.

அண்ணன் இங்வார் பனிப்பிளவில் விழுந்து போனபின் நானும் அண்ணி அல்டாவும் மட்டும்தான் வருகிறோம். அண்ணனின் உடல் கிடைக்கவில்லை.

"இதோட சரி. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டேதான் அண்ணி இம்முறை டப்பாவைப் புதைத்தாள்.

காலையில் தோண்டினேன். கம்பி முறுக்கியது முறுக்கியபடியே இருந்தது. மூடியைத் திறந்தால், ஆவி பறக்கும் ரொட்டியில் ஒரு மூலையைக் காணோம். கடித்த இடத்தில் பல் பதிந்திருந்தது.

அண்ணி குனிந்து பார்த்தாள். அண்ணனின் முன்பற்களுக்கு நடுவே இருந்த அதே சந்து. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐஸ்லாந்துலயே பொறுமையில்லாத மனுஷன்! ஆறட்டும்னா என்னிக்குக் கேட்டிருக்காரு?"

"அப்ப அடுத்த வருஷம், அண்ணி?"

"ரெண்டு டப்பாவா கொண்டு வருவோம்டீ."

பிறகு பனியைப் பார்த்துக் கத்தினாள்: "யோவ், வாய் வெந்துடும்! ஊதித் தின்னுய்யா!"

பனிப்பக்கமிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது, ரொட்டி வாசனை அடித்தது.