சிலந்தியின் குளிர்கால ஷோ

செம்மறி ஆடு கொடுத்த ரோமத்தில் சிலந்தி ஸ்வெட்டர் பின்னிக் கிளையில் தொங்கவிட்டது. நல்ல கதகதப்பு. ஆனால் வாங்க வந்தது அந்த ஆடு மட்டும்தான்.

மறுவருஷம் தவளைகள் மேளம் கொட்ட, மின்மினிகள் வெளிச்சம் காட்ட, ஸ்வெட்டர் மேடையேறியது. காடே திரண்டது. அதற்கடுத்த வருஷம் ரோமம் முழுவதும் மேடைத் திரைக்கே போய்விட்டது.

திரை விலகியதும் மொட்டை உடம்போடு ஆடு மேடையேறி, “அக்கா, என் ஸ்வெட்டர் எங்கே? குளிர் தாங்கலை” என்று நடுங்கியது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

“பேசாம நடுங்கு, கண்ணு. இதுதான் இந்த வருஷ டிசைன்” என்றது சிலந்தி.

மறுநாள் முயல் தன் ரோமத்தை மழித்துக்கொண்டு குளத்தில் அழகு பார்த்தது. அந்த ஆடு மாதிரி நடுங்க வரவில்லையே என்று அதற்கு ஒரே கவலை.