மகாராஜாவின் ஸ்பூன்

"இன்னியோட சரி! அந்த மகாராஜாவுக்கு இனிமே வேற யாராவது ஊட்டட்டும்."

உடை மாற்றும் அறையில் நின்றபடியே வீங்கிய கணுக்காலைப் பிசைந்துகொண்டு, போனில் கணவனிடம் பொரிந்து தள்ளினாள் நர்ஸ்.

"மேட்ரன்கிட்ட சொல்லிட்டியா?"

"காலையிலேயே சொல்லிட்டேங்க. மத்தியானம் வரைக்கும் யோசிச்சுட்டு முடிவு சொல்லுன்னாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு? பல் டாக்டர் கிளினிக்ல போன் எடுக்கிற வேலை. நாற்காலி உண்டுங்க, நாற்காலி!"

அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

பின்னே? அந்த வார்டில் நர்ஸ் உட்காரக் கூடாது. மேட்ரனின் சட்டம். கையால் சாப்பிட முடியாத நோயாளிக்கு ஊட்டும்போது மட்டும் ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம். நின்றுகொண்டு ஊட்டினால் அவசரத்தில் புரையேறிவிடுமாம். மற்றபடி ஊசி, டிரிப்ஸ், கட்டு, பெட்பேன் என்று ஓட்டம்தான்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் ஜன்னலோரக் கட்டில் மகாராஜா. நர்ஸுகள் வைத்த பெயர். சலூன் கடைக்காரர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். வயிற்றில் ஆபரேஷன் செய்தால் கை ஏன் நடுங்க வேண்டும்? டாக்டருக்கே புரியவில்லை. ஸ்பூனைத் தூக்கினால் சூப் பாதி சட்டையில்.

அவள் ஊட்டினால்தான் சாப்பிடுவார். அதுவும் லேசில் முடியாது. ஒரு வாய் சூப்புக்கு ஒரு பேரன் கதை. "சூடா இருக்கும்மா, ஆறட்டும்" என்பார். ஆறினால், "அவசரப்படாதே, தொண்டையில இறங்கணும்ல" என்பார். அவர் முடிக்கும் வரை மற்றக் கட்டில்களை மேட்ரனே பார்ப்பார், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

போனை வைத்துவிட்டு வார்டுக்குள் வந்தாள். ஆயா எல்லோருக்கும் சூப் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஜன்னலோரக் கட்டிலில் ஆள் இல்லை.

மகாராஜா பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் ரேசர். பக்கத்துக் கட்டில்காரரின் முகம் முழுக்க சோப்பு நுரை. தாடைக்குக் கீழே, தொண்டைக் குழியைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனது ரேசர். ஒரு சின்ன நடுக்கம் இருக்க வேண்டுமே? இல்லை. எத்தனையோ ஆபரேஷனில் டாக்டர்களின் கையைப் பார்த்தவள், இந்தக் கையைப் பார்த்து அசந்து நின்றாள்.

அப்புறம்தான் அவருடைய சூப் கிண்ணம் கண்ணில் பட்டது. வழித்துத் துடைத்துக் காலி. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ இத்தனை நாளா நடிப்பா?"

அவர் திருட்டு முழி முழித்தார். "இவரைப் பார்க்க மக வருதாம்மா. தாடியும் மீசையுமா பார்த்தா பயந்துடும்னாரு. அதான்..."

"நான் அதைக் கேக்கல. தொண்டையில கத்தி வைக்கிற கைக்கு ஒரு ஸ்பூன் பிடிக்க வராதா? என்னைப் பார்த்தா இளிச்சவாய் மாதிரி இருக்கா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பிறகு தன் பைஜாமாவை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். நரம்புகள் பச்சைப் பச்சையாக முறுக்கிக்கொண்டு கிடந்தன.

"நானும் காலம் பூரா நின்னே தொழில் பார்த்தவன்மா. எனக்கு ஊட்டும்போது மட்டும்தானே உன்னை உட்கார விடுறாங்க?"

வயிற்றுப் பசியோடு ஒரு மனுஷன், ஒவ்வொரு வாயையும் இழுத்து இழுத்துச் சாப்பிட்டது இதற்கா? எவ்வளவு திட்டியிருக்கிறாள்! மலைத்துப்போய் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இங்க என்ன நடக்குது?"

வாசலில் மேட்ரன்.

பக்கத்துக் கட்டில்காரர் நுரையோடு போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மகாராஜா எப்படித் தாவினாரோ, தன் கட்டிலில் இருந்தார். கை கிடுகிடுவென்று நடுங்கியது. வாயை "ஆ" என்று திறந்தார். அவள் சட்டென்று கிண்ணத்தையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டாள்.

மேட்ரன் அருகில் வந்தார்.

"என்ன முடிவு பண்ணியிருக்கே? நாளைக்கு இவருக்கு யாரு ஊட்டுறது?"

"நான்தான் மேடம். இவருக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் நான்தான்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேட்ரன் குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்தார். ஒரு சொட்டு சூப் இல்லை. முகத்தில் அதே கடுகடுப்பு.

"அப்ப மெதுவா ஊட்டு. கிண்ணம் காலியாகிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."