டெய்லருக்குத் தோள் வலி

என் இடுப்பை உடைத்தவன் மாடி வீட்டு டெய்லர். இதை யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

எல்லோருக்கும் பொதுவான படிக்கட்டு. சோப்புத் தண்ணீரைக் கொட்டிக் கழுவியவன், அப்படியே ஈரத்தோடு விட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். நான் வழுக்கி உருண்டு கீழே வந்து கிடந்தேன். ஓடி வந்தவன் என்ன கேட்டான் தெரியுமா?

"பாத்து வரக் கூடாதா அண்ணே?"

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. காலமெல்லாம் லாரி ஓட்டியவன் நான். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. எனக்குப் பார்த்து வரத் தெரியாதாம்!

ஆபரேஷன் முடிந்த பிறகு என்னை உட்கார வைத்து, நிற்க வைத்து, கைத்தடியோடு வாசல் வரை நடக்க வைத்தது என் மருமகள். பிசியோதெரபி படித்தவள். வலிக்கிறது என்று கத்தினால், "நல்லாக் கத்துங்க மாமா, மூச்சுக்கும் பயிற்சி ஆச்சு" என்பாள்.

அவளுக்கு அதிலேயே மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்று ஆசை. விண்ணப்பத்தோடு ஒரு வீடியோ அனுப்ப வேண்டுமாம். அவள் சிகிச்சை கொடுத்த ஒருவர் முதலில் எப்படி இருந்தார், இப்போது எப்படித் தேறியிருக்கிறார் என்று அதில் தெரிய வேண்டும். நான் கட்டிலோடு கிடந்ததை முன்பே எடுத்து வைத்திருந்தாள். மாடிப்படி ஏறுவதையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

மாட்டேன் என்றுவிட்டேன்.

"எலும்பு நல்லாக் கூடிடுச்சு மாமா. டாக்டரே ஏறலாம்னு சொல்லிட்டார்."

"டாக்டரா விழுந்தார்? விழுந்தது நான்."

"நான் பக்கத்துலயே வர்றேன்."

"அந்தப் படியில என் கால் படாது. அவன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

பயம் என்று என் மகன் முணுமுணுத்தான். பயமா? எனக்கா? மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியை இறக்கியவனுக்கா?

ஞாயிற்றுக்கிழமையோடு விண்ணப்பத்துக்குக் கடைசி. சனிக்கிழமை காலையில் மருமகள் வந்து நின்றாள்.

"நீங்க சிரமப்பட வேண்டாம் மாமா. வேற ஆள் கிடைச்சாச்சு."

"யாரு?"

"மாடி டெய்லர். தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்கவே முடியல அவருக்கு. கொஞ்ச நாளா நான்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இப்ப போய் வீடியோவை முடிச்சுட்டு வந்துடறேன்."

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் இருந்தது.

"என் இடுப்பை உடைச்சவனுக்கு என் மருமகள் வைத்தியமா?"

"வலின்னு வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான் மாமா."

போய்விட்டாள். சற்று நேரத்தில் மேலே சிரிப்புச் சத்தம். டெய்லரின் குரல் படியிறங்கி வந்தது.

"உங்க மாமனார் வீடியோவை அழிச்சிடும்மா. அவராவது ஏறுறதாவது! லாரியில உக்காந்தே கால் மரத்துப் போன மனுஷன்."

"கேட்டியாடா?" என்றேன் மகனிடம்.

"விடுங்கப்பா. இங்கிருந்தே திட்டுங்க, அவருக்குக் கேக்கும்."

இங்கிருந்து திட்டுவதற்கு நான் என்ன நாயா, குரைத்துவிட்டுப் படுக்க?

"டேய் டெய்லர்! யார் காலைப் பத்திடா பேசுற?"

எழுந்தேன்.

"நீ தச்ச சட்டையில ஒரு கை நீளம், ஒரு கை குட்டை! நீ என் காலை அளக்க வர்றியா?"

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"படியில தண்ணியைக் கொட்டின கைக்குத்தான் கடவுளே பூட்டுப் போட்டிருக்கான். அதைத் திறந்துவிட என் வீட்டுப் பொண்ணுதான் கிடைச்சாளா? வெளிய வாடா!"

அவன் வெளியேதான் நின்றுகொண்டிருந்தான். மாடி வாசலில், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, ஒரு ஃபோனைப் பிடித்துக்கொண்டு. ஃபோன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு மூச்சு வாங்கியது.

"உனக்குத்தான் கையைத் தூக்கவே முடியாதே?"

"இப்பதான் சரியாச்சு அண்ணே."

மருமகள் என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெறும் கை. கைத்தடி படிக்கட்டுக்குக் கீழே, எங்கள் வாசல் சுவரில் சாய்ந்திருந்தது. திரும்பினால், எனக்குப் பின்னால் என் மகன், விழுகிற பானையைப் பிடிக்கப் போகிறவன் போல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறான்.

"மூணு பேரும் கூட்டா?"

"வீடியோ ரொம்ப நல்லா வந்திருக்கு மாமா. அனுப்பட்டுமா? நீங்க திட்டினதை மட்டும் வெட்டிடறேன்."

"எதுக்கு வெட்டணும்? எல்லாம் உண்மைதானே? அப்படியே அனுப்பு."

டெய்லர் பக்கம் திரும்பினேன். கோபம் அடங்கவில்லை. எப்படி அடங்கும்?

"நடிக்கத் தெரியுது, படம் பிடிக்கத் தெரியுது. மன்னிப்புக் கேக்க மட்டும் வாய் வரலையாடா உனக்கு?"

"ஆஸ்பத்திரிக்கே வந்தேன் அண்ணே. உங்க மருமகள்தான் வாசல்லயே நிறுத்திட்டாங்க. 'மாமா யார்கூடவும் பேசாம சுவரைப் பாத்துப் படுத்திருக்கார். உங்களைத் திட்டுறதுக்கு மட்டும்தான் எழுந்து உக்கார்றார். இப்ப மன்னிப்புக் கேட்டு அதைக் கெடுத்துடாதீங்க'ன்னு சொல்லிட்டாங்க."

மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு டெய்லரிடம் திரும்பினேன்.

"சரி, இப்பக் கேளு."

டெய்லர் வாயைத் திறந்தான். மருமகள் குறுக்கே கையை நீட்டினாள்.

"இங்க வேண்டாம் மாமா. மொட்டை மாடிக்கு இன்னும் படி இருக்கு."