கழுத்து திரும்பாத டிஷ்

இன்னும் கிட்ட வந்து உட்காருங்க, இது கத்திச் சொல்ற கதையில்லை.

மொட்டைமாடி டிஷ்ஷுக்குக் கழுத்து துருப்பிடித்துப் போச்சு. பதினைந்து வருசமாக அது அண்ணாந்து பார்த்த செயற்கைக்கோள் அக்காவுக்கோ, ஒதுங்கிப் போக ஒரு வாய் எரிபொருள்தான் மிச்சம்.

“அக்கா, புதுசா வர்றவன் தள்ளி நின்னா, நான் பழைய இரும்புக் கடைக்குத்தான்!” என்று அழுதது டிஷ்.

“சும்மா இருடி, வந்துட்டான்.”

புதுச் செயற்கைக்கோள் மினுக்கிக்கொண்டு வந்தான். “கிழவி நின்ன இடம் எனக்கெதுக்கு? நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்.”

“நில்லு ராசா. இங்கேன்னா லட்சம் டிஷ் வச்ச கண் வாங்காமப் பார்க்கும். உனக்குக் கூச்சமா இருக்கும்.”

“யாருக்குக் கூச்சம்? நகரு!”

அக்கா மிச்சமிருந்த ஒரு வாயையும் எரித்து, ஓய்ந்த செயற்கைக்கோள்கள் குடியிருக்கிற மேல்தெருவுக்கு ஏறிப் போனாள்.