‘வாரேன்’ பொத்தான்

கிளமெண்ட் தம் மனைவி பெர்சிக்காகப் பைத்தான் கணினி மொழியில் எழுதிய செயலியில் பொத்தான் ஒன்றே: ‘வாரேன்’. மதுரை ஒத்தக்கடைக் கல்லூரியில் வேலை முடிந்ததும் அதை அழுத்துவார். அவர் நிற்கும் இடத்தின் பெயரோடு அச்சொல் கோச்சடை வீட்டுத் திரையில் தோன்றும். பெர்சி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள்.

சென்ற ஆண்டு அவர் மாண்டார், அவரது கணினியும் பழுதானது, செயலியும் அடங்கிற்று. அச்சொல்லை மீண்டும் கண்டுவிட வேண்டும் என்னும் பெர்சியின் ஏக்கம் மட்டும் அடங்கவில்லை.

அவள் தம்பி ஜினோ இன்று மாலை, பழுதான கணினியிலிருந்து செயலியை மீட்டு, சர்வர்லெஸ் தளமொன்றில் ஏற்றினான்.

“இதுக்குத் தனி மெசினே வேணாம்க்கா. சும்மா தூங்கும். யாராச்சும் கூப்பிட்டாத்தான் முழிக்கும், உன்னைய மாதிரி.”

“போடா! பொத்தானை நான் அமுக்கவா?”

“இரு. செயலியோட முகவரிய இன்னும் யாருக்குமே குடுக்க...”

ஜினோ திரையைப் பார்த்தான். செயலி விழித்திருந்தது. ‘வாரேன். ஒத்தக்கடை.’

“நான் தொடலக்கா. ஏதோ கோளாறு. அழிச்சிரவா?”

“அழிக்காதடா.”

பெர்சி அடுப்பைப் பற்றவைத்தாள். திரையில் இடம் மாறியது: கோரிப்பாளையம்.

“இந்நேரம் பாலத்துல நெரிசலா இருக்கும். மெல்லத்தான் வருவாரு,” என்றாள்.

அடுத்து, காளவாசல். அதைத் தாண்டினால் கோச்சடைதான்.

வாசற்கதவின் தாழை நீக்கிவிட்டு வந்து, அவள் முதல் தோசையை ஊற்றினாள்.