நாற்பத்தொன்றாம் குறிப்பு

ஜன்னல் வெயில் கணினித் திரையில் பாதியைத் தின்றுகொண்டிருக்கிறது. தட்டச்சுக்காரி வரிகளோடு வரியாகக் கிடக்கும் அடிக்குறிப்பு எண்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பொத்தானைத் தட்டுகிறாள். எண் சுருங்கி, சொல்லின் தோளில் ஏறி உட்காருகிறது. நாற்பது எண்களுக்கும் பக்கத்தின் அடியில் குறிப்பு இருக்கிறது. நாற்பத்தொன்றுக்கு இல்லை. "இதுக்கு என்ன குறிப்புண்ணா? நாளைக்குள்ள ஆய்வேட்டைக் குடுத்தாகணுமே." பக்கத்து நாற்காலிக்காரர் தன்னருகே உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்க்கிறார். ஆறு வருடம் உட்கார்ந்து இதை எழுதியவள் அவள்தான்; மூளைக்காய்ச்சல் வந்து மூன்று மாதம் ஆகிறது. சிகிச்சைக்காக மழித்த தலையில் இப்போதுதான் முடி முள்முள்ளாக முளைத்திருக்கிறது. அவர் அவள் விரலைப் பிடித்துத் திரையில் அந்த எண்ணின்மேல் வைக்கிறார். "நல்லா பாரும்மா. இங்க என்ன எழுத நெனச்ச?" விரல் எண்ணை விட்டு நகர்ந்து வரியைத் தடவிக்கொண்டே போகிறது. உதடுகள் அசைய, பக்கம் முடியும்வரை படிக்கிறாள். மின்விசிறி மேசைத் தாள்களைப் புரட்டப் பார்க்கிறது. தட்டச்சுக்காரியின் கை விசைப்பலகைமேல் காத்திருக்கிறது. மனைவி நிமிர்கிறாள், எத்தனையோ நாளுக்குப் பிறகு முகம் மலர்ந்திருக்கிறது. "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க," என்கிறாள் கணவரிடம். "யாருங்க இதை எழுதினது?"